துணி கட்டாத மூங்கில்

திருச்சியில் பாய்மரப் படகு விடுகிறோம் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். கடல் எங்கே, நாம் எங்கே என்பார். அப்படிச் சிரிப்பவர்கள் ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் ஜீயபுரம் கரையில் வந்து நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பு அணைக்கு மேலே தேங்கி, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஏரி போலக் கிடக்கும். மேற்கிலிருந்து காற்று இடுப்பில் வேட்டி நிற்காதபடி அடிக்கும். தண்ணீரும் காற்றும் சேர்ந்து வாய்க்கிற அந்தச் சில மாதங்கள்தான் சீசன். மற்ற நாளெல்லாம் ஆறு வெறும் மணல். படகுகள் கரைமேல் தகரக் கொட்டகையில் குப்புறக் கிடக்கும்.

கொட்டகை அருள்ராஜினுடையது. கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், வந்த கையோடு சும்மா இருந்திருக்கலாம். ஃபைபர் படகுகள் ஆறு வாங்கிப் போட்டு, ஸ்ரீரங்கத்திலும் கே.கே. நகரிலும் இருந்து பிள்ளைகளைச் சேர்த்து, பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். பைத்தியம் என்றார்கள். நல்ல பைத்தியம்தான். அங்கே படித்த பிள்ளைகள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் போட்டிகளுக்குப் போய் வந்தார்கள்.

பாய்களைத் தைத்துக் கொடுப்பது பரக்கத் அலி. பாலக்கரையில் தார்ப்பாய்க் கடை. லாரிக்குத் தார்ப்பாய், கல்யாணத்துக்குப் பந்தல் துணி, கடை வாசலுக்கு மறைப்பு என்று எதைக் கொண்டுபோனாலும் அவருடைய மிஷினில் தைபடும். சீசன் முடிந்ததும் பாய்கள் கடைக்கு வந்துவிடும். கிழிசல் பார்த்து, கயிறு போகிற கண்களை மாற்றி, ஓரங்களை மறுபடி அடித்து, ஜூன் பிறந்ததும் மூட்டையாகக் கட்டி அனுப்புவார். போன வருஷம் வரைக்கும் அந்த மூட்டையை ஸ்கூட்டரில் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போனவன் அவருடைய ஒரே மகன் ஜைத். இந்த வருஷம் அவரே கரூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தான்.

ஜைத் அந்தக் கொட்டகையில்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஷார்ஜாவுக்கு விசா வந்தபோது, இந்தச் சீசன் முடியட்டும் அத்தா என்று தள்ளிப்போட்டவன். போன ஆடியில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளையெல்லாம் கரையேற்றிவிட்டு, கடைசிப் படகைத் தனியாகத் திருப்பிக்கொண்டு வந்தான். நடுவில் ஒரு காற்று. கரையில் நின்ற அருள்ராஜும் வேலையாள் பிச்சமுத்துவும் பாய் தண்ணீரில் சாய்வதைப் பார்த்தார்கள். கவிழ்வதும் நிமிர்வதும் அந்தத் தொழிலில் தினம் நடப்பதுதான். ஆனால் அன்றைக்குப் படகு மட்டும் நிமிர்ந்தது. அது தானாக மிதந்துபோய் அணையின் ஷட்டரில் முட்டி நின்றது. மிதவைச் சட்டை படகிலேயே கிடந்தது. போடு, போடு என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துகிறவன், கடைசி ஒரு சுற்றுதானே என்று தான் போடாமல் போயிருக்கிறான்.

தீயணைப்பு வண்டி வந்தது. முங்கித் தேடினார்கள். அன்றைக்கு ஷட்டர்கள் பாதி திறந்திருந்தன. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. ஷட்டரைத் தாண்டிப் போயிருந்தால் ஸ்ரீரங்கத்துக்கு இந்தப் பக்கம் காவிரியில் போயிருப்பானா, அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் போயிருப்பானா? பரக்கத் அலி இரண்டு பக்கமும் நடந்தார். அம்மா மண்டபம் படித்துறையில் குளிக்கிறவர்களிடம் போட்டோவைக் காட்டினார். கல்லணை வரைக்கும் போனார். எங்கேயும் இல்லை.

மகன் போனது ஒரு துக்கம். மையித், அந்த உடம்பு, கிடைக்காதது வேறு துக்கம். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அடக்கத்துக்கு முன்னால் தொழுகிற ஜனாஸாத் தொழுகையைப் பற்றித் தெருப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"மையித் இல்லாம ஜனாஸாத் தொழுகை நம்ம மத்ஹப்ல கிடையாதுண்ணே. துஆ செய்வோம். துஆவுக்கு எந்தத் தடையும் இல்ல."

"அப்புறமா கிடைச்சா?"

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "பாதி உடம்புக்கு மேல கிடைக்கணும். இல்ல, பாதியாச்சும் தலையோட கிடைக்கணும். அப்பத் தொழலாம்."

அதை உள்ளே சமையல்கட்டில் நின்று பரக்கத் அலியின் மனைவி ஷரீபாவும் கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஜைத் இறந்தவனும் இல்லை, இருப்பவனும் இல்லை. வருகிறவர்கள் மவுத் ஆகிவிட்டான் என்று பேச்செடுத்தால் ஷரீபா எழுந்து உள்ளே போய்விடுவாள். தொழ வைக்காமல் யார் மவுத் ஆனது என்பாள். துபாய், ஷார்ஜா என்று போன பிள்ளைகளெல்லாம் லீவுக்கு வந்து போகிறார்கள், ஆற்றைத் தாண்டாத என் பிள்ளை எங்கே என்பாள்.

மாசியில் ஆறு வற்றியது. அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பரக்கத் அலி பஸ் ஏறி ஜீயபுரம் வந்து மணலில் நடந்தார். வீடு திரும்பினால் ஷரீபா தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்.

"கிடைச்சானா?"

"இல்ல."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு தட்டு வைப்பாள்.

பாய்களைத் தைக்க இந்த வருஷமும் அவர் கைவைத்தபோது ஷரீபாவின் தம்பி கலீல் கடைக்கே வந்து சத்தம் போட்டான். "உங்களுக்கு மானம் ரோசம் எதுவும் இல்லையா மச்சான்? உங்க புள்ளைய முழுங்குன படகுக்கு நீங்களே பாய் தச்சுக் கொடுக்குறீங்க!" பரக்கத் அலி மிஷினை நிறுத்தாமல் தைத்தார். காரணத்தைச் சொன்னால் கலீலுக்குப் புரியாது. பாய் தைக்கிறவர் என்கிற உரிமையில்தான் அவர் அந்த ஆற்றில் இறங்கி நடந்தார். அதை விட்டுவிட்டால், பிள்ளையைத் தேடி மணலில் அலைகிற பாவப்பட்ட கிழவர் என்று ஆகிவிடும். அந்தப் பார்வையைத் தாங்க அவருக்குத் தெம்பு இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. படகுகளைத் தயார் செய்வது என்றால் வெடிப்பில் பட்டி பூசுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் கப்பிக்குக் கிரீஸ் போடுவதும் மட்டும் இல்லை. படகு ஓடப்போகிற தரையைக் காலால் நடந்து பார்த்துவிடுவார்கள். கடலில் படகு விடுகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. தண்ணீர் வருவதற்கு முன்னால் பிச்சமுத்து கடப்பாரையோடு மணலில் இறங்கி, குத்திக் குத்திப் பார்ப்பான். மணல் அள்ளிய பள்ளம் இருந்தால் அதன் ஓரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் நடுவான். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டை புதைந்து கிடந்தால் அங்கேயும் ஒரு மூங்கில். பள்ளத்துக்குச் சிவப்புத் துணி, கட்டைக்கு வெள்ளைத் துணி. பந்தல் துணியில் மிஞ்சிய சிவப்பும் பாயில் மிஞ்சிய வெள்ளையும் பரக்கத் அலி கடையிலிருந்து வரும். ஆடிக் காற்றுக்கு அவிழாமல் அதைக் கட்டிவிட்டுப் போவதும் அவர்தான். கடைசி மூங்கிலில் துணி ஏறியதும் படகைத் திருப்பிப் போடுவார்கள். அதுதான் சீசன் ஆரம்பம்.

தண்ணீர் வந்துவிட்டால் மறுபடியும் மாசி வரைக்கும் தேட முடியாது. வெள்ளம் மணலைப் புரட்டிப் போட்டுவிட்டால் மாசியிலும் தேடிப் பயன் இல்லை. இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்குப் பாய் மூட்டையை இறக்கி வைத்த கையோடு துணிப்பையைத் தோளில் மாட்டினார்.

கொட்டகைக்குள் சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்றை வைத்துக்கொண்டு முடிச்சுப் பழகிக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்துக்குப் பிறகும் பாதிப் பேர் திரும்பி வந்திருந்தார்கள். அருள்ராஜ் அவர்களை விட்டுவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

"பாய் எல்லாம் வந்துருச்சுல்ல பரக்கத்? போதும், நீங்க கிளம்புங்க. துணிய பிச்சமுத்துவே கட்டிருவான்."

"வருஷா வருஷம் நான்தான சார் கட்டுறேன்."

"வெயில் கொளுத்துது. அதோட தண்ணி மாயனூரத் தாண்டிருச்சுன்னு போன் வந்துச்சு. ராத்திரிக்குள்ள இங்க வந்துரும். நேரம் இல்ல."

"நேரம் இல்லைன்னுதான் சார் இப்பவே போறேன்."

அருள்ராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் துணிப்பையைப் பார்த்தார். பரக்கத் அலி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷன் தன் கண்ணெதிரே ஒரு பிள்ளையைத் தொலைத்தவர், தகப்பன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். மற்றவர்களைப் பற்றி நல்லதாக நினைத்துவிடுவது பரக்கத் அலிக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் அவர் நிறைய அடிபட்டிருக்கிறார்.

பிச்சமுத்து முன்னால் நடந்தான். ஜீயபுரத்துக்காரன். வாழைத்தோப்பில் வேலை இல்லாத நாளெல்லாம் கொட்டகையில் கிடப்பான். ஓயாமல் பேசுகிற ஆள். காற்றில் சாய்ந்த வாழையைப் பற்றி, ஆற்றில் கிடைத்த கெண்டையைப் பற்றி, ஊரில் எவன் எவளோடு ஓடினான் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே நடப்பான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

முதல் மூங்கில். "பள்ளமாப்பா?" என்றார். பிச்சமுத்து தலையாட்டினான். சிவப்புத் துணியைக் கட்டினார். அடுத்தது கட்டை. அதற்கு வெள்ளை. அப்படியே ஆற்றுக்குக் குறுக்கே போனார்கள். மணல் காலைச் சுட்டது. தூரத்தில் அணையின் ஷட்டர்கள் வரிசையாக மூடிக் கிடந்தன. கட்டும்போதே அவருடைய கண்கள் மணலைத் தடவிக்கொண்டே போயின. ஒரு எலும்பு, ஒரு துணி, ஒரு செருப்பு. ஆட்டு எலும்பு கிடந்தது. யாரோ கரைத்த சாம்பலோடு வந்த மண்சட்டி கிடந்தது.

நடு ஆற்றைத் தாண்டி, மற்ற மூங்கில்களிலிருந்து விலகி ஒன்று தனியாக நின்றது. பிச்சமுத்து அதன் பக்கம் போகாமல் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டான்.

"இது என்ன? சிவப்பா, வெள்ளையா?"

பிச்சமுத்து கடப்பாரையால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"பிச்சமுத்து, உன்னத்தான் கேக்குறேன். பள்ளமா, கட்டையா?"

"நீங்களே பாத்துக் கட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

பரக்கத் அலி சுற்றிவந்து பார்த்தார். பள்ளம் இல்லை. மணல் பாய் விரித்த மாதிரி சமமாகக் கிடந்தது. பிச்சமுத்துவின் கையிலிருந்த கடப்பாரையை வாங்கி அங்கங்கே குத்திப் பார்த்தார். கட்டையும் இல்லை. பள்ளமும் இல்லாமல் கட்டையும் இல்லாமல் இவன் மூங்கில் நடமாட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு மூங்கிலைக்கூட வீணாக நட்டவன் இல்லை, அவ்வளவு சோம்பேறி. அப்படியென்றால் இங்கே ஏதோ இருக்கிறது. பள்ளமும் இல்லாத, கட்டையும் இல்லாத ஒன்று.

கையிலிருந்த துணிகள் இரண்டும் கீழே விழுந்தன. மூங்கிலின் அடியில் மண்டியிட்டுக் கையாலேயே தோண்டினார். மேல்மணல் சுட்டது. உள்ளே போகப்போகக் குளிர்ந்தது. முழங்கை ஆழத்தில் ஒரு கயிறு கையில் அகப்பட்டது. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே தோண்டினார். கயிற்றின் சுருக்குக்குள் ஒரு பட்டை வார். மண்ணைத் துடைத்தார். பச்சை நூல்.

படகில் வெளியே சாய்ந்து உட்காரும்போது இடுப்பில் மாட்டிக்கொள்கிற வார் அது. கடையில் வாங்கியது இடுப்பை அறுக்கிறது அத்தா என்று ஜைத் சொன்னதால் அவரே தைத்துக் கொடுத்தார். லாரித் தார்ப்பாய்க்கு வாங்கிய நைலான் நூலில், போன வழியே திரும்பி வந்து, இரண்டு முனையிலும் பெருக்கல் குறி போட்டு முடித்த தையல். நைலான் மக்காது. நேற்று மிஷினிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். சொல்லக் கூடாதுதான். ஆனால் அதுதான் வந்தது. கிடைத்துவிட்டான், கிடைத்துவிட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அந்த வயதில் ஒரு ஆண் ஆற்று மணலில் குப்புற விழுந்து அழுவதைப் பார்க்கிற நிலை யாருக்கும் வர வேண்டாம்.

பிச்சமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனும் அழுதான்.

"எப்பப்பா பாத்த?"

"மூங்கில் நட எறங்குன அன்னிக்கே. கயிறு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கட்டையில சுத்தியிருக்குன்னு இழுத்தேன். தம்பியோட வாரு..." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "சார்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேண்ணே. மூடிரு, தண்ணி வரட்டும்னாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னாரு. என்னால சொல்லவும் முடியல. சொல்லாமயும் இருக்க முடியல. அதான் ஒரு மூங்கில் நட்டு வச்சேன். நீங்கதான துணி கட்ட வருவீங்க."

பரக்கத் அலி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பிச்சமுத்துவே அதை வாங்கிப் போலீசுக்குப் போட்டுக் கொடுத்தான். அதற்குள் கரையிலிருந்து அருள்ராஜ் இறங்கி மணலில் ஓடிவந்துகொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர் மணலில் அப்படி ஓடக் கூடாது. வந்து, மூச்சு வாங்க, தோண்டிய குழியைப் பார்த்து நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

அருள்ராஜ் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியுமான்னு கேட்டேன்."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் இந்த மண்ணுல நடந்தனே சார். போன வெள்ளிக்கிழமை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீங்க. அப்பவும் தெரியுமா?"

"தெரியும் பரக்கத்." அவர் மூங்கிலை விடவில்லை. "போலீஸ் வந்தா கொட்டகைய மூடிருவாங்க. அத்தன பசங்க போட்டிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை மூடுனா மறுபடி அனுமதி கிடைக்காது. அவனும் இந்த ஆத்தைத்தான விரும்புனான்... ஆத்துலயே இருக்கட்டும்னு... என்னமோ நினைச்சேன். தப்புதான்."

"நீங்க நினைச்சத ஷரீபாகிட்ட வந்து சொல்லுங்க" என்றார் பரக்கத் அலி. "அவ ஒரு வருஷமா என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்குறா."

அருள்ராஜை அடித்திருக்கலாம். பிச்சமுத்து அடிப்பார் என்றுதான் எதிர்பார்த்தான். ஆனால் கரைமேல் யாரோ கையை வீசிக் கத்தினார்கள். பெட்டவாய்த்தலையைத் தண்ணீர் தாண்டிவிட்டதாம். கோபப்பட நேரம் இல்லை.

"பாய் கொண்டாங்க சார்" என்றார் பரக்கத் அலி. "ஜைத் ஓட்டுன படகோட பாய். மூட்டைல மேலாலதான் இருக்கு."

அருள்ராஜ் தானே போய்த் தானே சுமந்துகொண்டு வந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. நல்ல மனுஷர். விதிமுறை பேசிக்கொண்டு நிற்காமல், எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய்விட்டு மற்றதைப் பார்ப்போம் என்றார். தீயணைப்புக்காரர்கள் மண்வெட்டியைத் தூர வைத்துவிட்டுத் தட்டால் மண்ணை அள்ளினார்கள். படகிலிருந்து அறுந்து வந்த கயிறு ஒரு காலில் சுற்றி இறுகியிருந்தது. நீந்தத் தெரிந்தவன் ஏன் மேலே வரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பரக்கத் அலி எதையும் பார்க்க வேண்டாம் என்றார்கள். அவர் பார்த்தார். முதலில் தலையைத் தேடினார். தலை இருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் மணலில் உட்கார்ந்தார்.

தான் தைத்த பாயில் மகனை வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கரை ஏறிக்கொண்டிருந்தபோது மேற்கே சலசலப்புக் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. புதுத் தண்ணீர் ஒன்றும் அழகாக வராது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலுமாக, மணலை மோந்துகொண்டே ஊர்ந்து வந்தது. கரையில் இளைஞர்கள் போனில் படம் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள். பாயைத் தூக்கிவருவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். தனியாக நின்ற அந்த மூங்கிலைத் தண்ணீர் சுற்றிக்கொண்டது. அதில் எந்தத் துணியும் இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அவர் நடையைப் பார்த்ததும் ஷரீபா சொம்பைக்கூட எடுக்காமல் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கிடைச்சானா?"

"கிடைச்சான்."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை.

"முழுசாவா?" என்றாள்.

"முழுசாத்தாம்மா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஷரீபா. இறைவனைப் புகழ்கிற அந்த வார்த்தையை ஒரு தாய் அப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று பரக்கத் அலி நினைத்தார். பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. தெருவே வந்து நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆஸ்பத்திரி, விசாரணை, அவன்தான் என்று உறுதி செய்ய ஷரீபாவின் ரத்தம். ஜூன் முடிந்து ஜூலை பிறந்துவிட்டது. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். ஆறு நிறைந்து கிடந்தது. காற்று வருஷா வருஷம் அடிக்கிறபடி அடித்தது. ஆறு படகுகளும் பட்டி பூசி, தேய்த்து, பளபளவென்று குப்புறக் கிடந்தன. பரக்கத் அலி நடு ஆற்றில் கட்டிய சிவப்பும் வெள்ளையும் யாருக்கும் வேண்டாத எச்சரிக்கையாக ஆடிக்கொண்டிருந்தன. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கொஞ்ச நாள் கரையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மையித்தைக் கையில் கொடுத்த அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. மையித்தைச் சுற்றுகிற கஃபன் துணிக்குத் தையல் கிடையாது. வாழ்நாளெல்லாம் தைத்த மனுஷர் தையல் இல்லாத துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலீல்தான் எல்லாவற்றையும் முன்னே நின்று செய்தான். மையித் இருந்த சந்தூக்குப் பெட்டியைப் பள்ளிவாசல் முற்றத்தில் இறக்கினார்கள். வரிசைகள் நின்றன. தார்ப்பாய்க் கடைக்கு வருகிற லாரி டிரைவர்கள்கூட வந்து வெளியே நின்றார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில், செருப்புகள் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் அருள்ராஜ் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பிச்சமுத்து. அவர்கள் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. கலீல் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினான். பரக்கத் அலி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

தொழுகைக்கு முன்னால் வாரிசு பேச வேண்டும். அது வழக்கம். ஹஜ்ரத் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பரக்கத் அலி கூட்டத்துக்கு முன்னால் வந்தார்.

"என் மகன் ஜைத்" என்று ஆரம்பித்தார். "அவன் உங்கள்ல யாருக்காவது ஏதாவது தப்பு செஞ்சிருந்தா, மனசு நோகுற மாதிரி பேசியிருந்தா, அல்லாவுக்காக அவன மன்னிச்சிருங்க."

"மன்னிச்சோம்" என்றது கூட்டம். எல்லா ஜனாஸாவிலும் சொல்வதுதான். அத்தோடு ஹஜ்ரத் தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் திரும்பத் தொடங்கினார். பரக்கத் அலி மட்டும் திரும்பாமல் நின்றார். வரிசைகளைத் தாண்டி கேட்டைப் பார்த்தார்.

"அருள் சார், நீங்க சொல்லல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருள்ராஜ் சுவரோடு ஒண்டினார்.

"அவன் உங்ககிட்ட வேல பாத்தவன். மிதவைச் சட்டை போடாம தண்ணில போகக் கூடாதுங்கறது உங்க சட்டம். அதை மீறிட்டான். உங்க கொட்டகையும் அவனாலதான் மூடிக் கிடக்கு. நீங்க மன்னிச்சாத்தான் எனக்கு நிம்மதியாத் தொழ முடியும்."

குத்திக் காட்டுகிறார் என்று சிலர் நினைத்தார்கள். அவர் குரலைக் கேட்டவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். உண்மையாகவே கேட்டார். மகனுடைய கணக்கில் ஒரு சின்னத் தப்புகூட மிஞ்சிப் போய்விடக் கூடாது என்கிற பயத்தில் ஒரு தகப்பன் கேட்டது.

அருள்ராஜ் சந்தூக்கைப் பார்த்துச் சொன்னார்.

"மன்னிச்சேன்."

பரக்கத் அலி தலையசைத்துவிட்டு முன்வரிசையில் போய் நின்றுகொண்டார். ஹஜ்ரத் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். எல்லோரும் கைகளை உயர்த்திக் கட்டினார்கள். அருள்ராஜ் செருப்புகளுக்கு நடுவே அப்படியே நின்றார். அவர் மன்னிப்புக் கேட்பதற்கு அங்கே முறை வரவில்லை.